கொழுந்து கொய்த கைகள்

தமிழில் ‘கை’ என்னும் ஓரெழுத்துச் சொல் ஆளும் பரப்பு மிகப் பெரிது. தொழிலுக்குக் கைத்தொழில் என்று பெயர். சமைப்பவரின் திறம் கைப்பக்குவம்; சிற்பியின் திறம் கைவண்ணம்; விதைப்பவரின் பேறு கைராசி. உதவினால் கைகொடுத்தல்; நீங்கினால் கைவிடுதல். உடை நழுவும்போது ஒருவரும் ஏவாமலே விரைந்து சென்று பற்றும் கையை நட்புக்கு உவமையாக்கினார் வள்ளுவர். உள்ளம் எண்ணியதைக் கை உடனே செய்து முடிக்கும் என்னும் நம்பிக்கை மொழியின் வேரிலேயே ஊறியிருக்கிறது.

அந்தக் கையே ஏவலை மறுத்தால் நேர்வது என்ன? வெட்டுப்பட்டோ முறிந்தோ மறுப்பது அன்று; நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரு வேலையையே ஓயாது செய்ததனால், அந்த வேலையைச் செய்ய இயலாத நிலையை அது அடைந்தால்? இவ்வினா தமிழர் வாழ்வில் ஆழமாக எழுந்த இடங்களுள் ஒன்று, பகாங் மாநிலத்துக் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டம். அங்கே தலைமுறை தலைமுறையாகத் தமிழ்ப் பெண்களின் விரல்கள் கொழுந்து கொய்தன. கொய்த கொழுந்தின் எடை நாள்தோறும் ஏட்டில் ஏறியது. கொய்த கையின் நிலையை எழுதுவதற்கு அந்த ஏட்டில் கட்டமே இல்லை.

மலையேறிய தேயிலை

1885ஆம் ஆண்டில் அரசாங்க நில அளவையாளர் வில்லியம் கேமரன் மேற்கொண்ட பயணத்தால் இம்மேட்டுநிலம் அவர் பெயரைப் பெற்றது. அதற்குப் பின்னும் நாற்பது ஆண்டுகள் அது காடாகவே கிடந்தது. அக்காட்டின் மக்களான ஒராங் அஸ்லியருக்கு மட்டும் அதன் ஆறுகளும் மேடுகளும் பழகியவையாய் இருந்தன. 1925இல் சர் ஜார்ஜ் மேக்ஸ்வெல் அங்குச் சென்று பார்த்த பின்னரே மலைவாழிடம் ஒன்றை அமைக்கும் எண்ணம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து மலைக்குச் செல்லும் சாலை 1931இல் நிறைவுற்றது.

சாலை நிறைவுறுவதற்கு முன்பே, 1929இல், ஜான் ஆர்ச்சிபால்ட் ரஸ்ஸல் என்பார் அங்கே தேயிலைக்கு நிலம் பெற்றார். அவருக்குத் துணையாக நின்றவர் ஏ. பி. மில்ன், இலங்கையில் தேயிலைத் தொழிலில் நெடுங்காலம் பழகியவர். இவர்கள் தொடங்கிய தோட்டமே போ தேயிலைத் தோட்டம். ரஸ்ஸல் 1933இல் மறைந்தார், தோட்டமோ வளர்ந்தது. சுங்கை பாலாஸ், ஃபேர்லி, புளூ வேலி எனப் பச்சைச் சரிவுகள் பெருகின. 1933இல் பாரத் தேயிலை நிறுவனமும் இம்மலையில் தன் பணியைத் தொடங்கியது.

மில்ன் இலங்கையிலிருந்து வந்தவர் என்பது ஈண்டுக் கருதத்தக்கது. 1867இல் லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையைப் பயிரிட்டதும், இலைநோயால் காப்பி அழிந்தபின் மலையகம் முழுவதும் தேயிலை பரவியதும், தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளரே அதனை வளர்த்ததும் யாவரும் அறிந்தவை. அந்நாட்டில் தேர்ந்த கொய்முறையும் வேலை ஒழுங்கும் மலாயாவின் தேயிலை மலைகளில் வேரூன்றின. 1907இல் அமைந்த இந்தியக் குடியேற்றக் குழுவின் வழியாகவும், கங்காணிகளின் வழியாகவும் தமிழகத்து ஊர்களிலிருந்து ஆட்கள் மலாயாத் தோட்டங்களுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. 1938இல் இந்திய அரசாங்கம் இவ்வாறு உதவி பெற்று வரும் குடியேற்றத்தைத் தடை செய்தது. அதன்பின் மலையில் வேலை செய்த கைகள் பெரும்பாலும் ஏற்கெனவே வந்தவர்களுடையனவும், அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுடையனவும் ஆயின.

இரு விரல்களின் கலை

தேயிலையின் தரம் ஆலையில் தொடங்குவதில்லை. விரல் நுனியில் தொடங்குகிறது. இரண்டு இளந்தளிர்களும் ஒரு மொட்டும் கொண்ட கொழுந்தே கொய்தற்கு உரியது. அதனைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பற்றி, மணிக்கட்டைச் சற்றே திருப்பி ஒடிக்க வேண்டும். நகத்தால் நசுக்கினால் காயம் பட்ட இடம் கறுக்கும். இழுத்துப் பறித்தால் காம்பும் முற்றிய இலையும் சேர்ந்து வரும். பிடியை நெடுநேரம் இறுக்கி வைத்தால் உள்ளங்கைச் சூட்டில் இலை வாடும். ஆகவே பற்றுதல், ஒடித்தல், பின்னால் தொங்கும் கூடைக்குள் எறிதல் ஆகிய மூன்றும் ஒரே வீச்சில் நிகழும். தேர்ந்த பெண்ணின் இரு கைகளும் ஒன்றையொன்று பாராமல், செடியின் மேற்பரப்பில் தனித்தனியே இயங்கும். எந்தக் கொழுந்து கொய்யத்தக்கது, எதனை அடுத்த முறைக்கு விட்டுவைக்க வேண்டும் என்பதைக் கண் காண்பதற்கு முன்பே விரல் அறியும்.

இது கூலி வேலைதான், எனினும் கலையும்தான். செடியின் தலை மேசைபோல் மட்டமாக நிற்பது கவ்வாத்து வெட்டியவரால் மட்டும் அன்று. ஏழெட்டு நாளுக்கு ஒருமுறை அதனைத் தொட்டுச் சீராக்கிய விரல்களாலும் ஆகும். ஒரு நிரையை முடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது, தான் கொய்த பரப்பின் ஒழுங்கு கொய்தவளுக்கே தெரியும்.

இக்கலையின் அளவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கொழுந்தின் எடை பெரும்பாலும் 1 கிராமைத் தாண்டாது. எனவே 15 கிலோ பச்சைக் கொழுந்து கூடையில் சேர வேண்டுமாயின் 15,000 கொழுந்துகளாவது கொய்யப்பட வேண்டும். ஒரே பிடியில் இரண்டு மூன்று கொழுந்துகள் அகப்படுவதும் உண்டு என்று கொண்டாலும், ஒரு நாளில் விரல்கள் மடங்கி நிமிர்ந்த எண்ணிக்கை பல்லாயிரமாகவே நிற்கும். நான்கு முதல் ஐந்து கிலோ பச்சைக் கொழுந்து உலர்ந்து ஒரு கிலோ தேயிலைத்தூள் ஆகிறது. காலையில் அருந்தும் ஒரு கோப்பைத் தேநீருக்குள் ஏறத்தாழ பத்துக் கொழுந்துகள் அடங்கியிருக்கின்றன. அப்பத்தும் ஒரு பெருவிரலைத் தொட்டு வந்தவை.

இத்துடன் மலையின் குளிரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல் உயர்ந்த இச்சரிவுகளில் விடியற்காலை வெப்பம் 15 பாகை செல்சியசை ஒட்டி இறங்கும். பனியும் சாரலும் இலைமேல் நிற்கும். பெரட்டு முடிந்து நிரையில் இறங்கியதும் நனைந்த செடிக்குள் நுழையும் விரல் முதலில் விறைக்கும். விறைத்த விரல் வேகம் குறையும். குறைந்த வேகத்தை ஈடுசெய்ய இன்னும் இறுக்கிப் பற்ற நேரும். வலியின் வித்து இங்கேதான் விழுந்தது.

வலிக்கு வாய்த்த பெயர்கள்

வலியை நுணுகிப் பிரித்துப் பெயரிடுவதில் தமிழ் வறுமைப்பட்ட மொழி அன்று. நாள் முழுதும் உழைத்த தசையில் எழுவது கடுப்பு. எலும்பை ஒட்டி உள்ளே துளைப்பது குடைச்சல். ஒரு புள்ளியில் ஊசிபோல் பாய்வது குத்தல். இரவில் உறங்கவிடாமல் எழுவது உளைச்சல். உணர்ச்சி குன்றுவது மரப்பு. மரத்த இடத்தில் உணர்வு திரும்பும்போது தோன்றுவது விறுவிறுப்பு. மருத்துவர் ஒருவர் கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டிய வேறுபாடுகள் எல்லாம் இச்சொற்களிலேயே அடங்கியுள்ளன. பாட்டிமார் இவற்றை ஒன்றற்கு மற்றொன்றாகப் பயன்படுத்துவதில்லை.

மேலைநாட்டு மருத்துவம் இதனைத் தொழில்நோயாகக் கண்டுகொண்டது வேறொரு கையினால். இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமஸ்ஸினி 1700இல் தொழிலாளரின் நோய்களைப் பற்றி நூல் இயற்றினார். 1713இல் அதனை விரித்தெழுதியபோது எழுத்தர்களின் நோய்களுக்கும் இடம் கொடுத்தார். ஓயாது இறகை ஓட்டுவதால் எழுத்தரின் கை சோர்ந்து செயலிழப்பதை அவர் எடுத்துரைத்தார். ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்வதே கேட்டுக்குக் காரணம் என்பது அப்போதே கண்டறியப்பட்டது.

1895இல் சுவிட்சர்லாந்து நாட்டு அறுவை மருத்துவர் ஃபிரிட்ஸ் டி குவெர்வேன் பெருவிரலின் அடியில் தோன்றும் ஒருவகை வலியை விளக்கினார். பெருவிரலை விலக்கவும் நிமிர்த்தவும் உதவும் இரண்டு தசைநாண்கள் மணிக்கட்டின் ஓரத்தில் ஒடுங்கிய ஓர் உறைக்குள் ஓடுகின்றன. விரலும் மணிக்கட்டும் சேர்ந்து ஓயாது இயங்கும்போது அந்த உறை தடிக்கிறது. தடித்த உறைக்குள் நாண் ஓட இயலாமல் உராய்கிறது. துணி பிழியும் பெண்களிடமும் இது மிகுதியாகக் காணப்பட்டதால் வண்ணாத்தியின் சுளுக்கு என்றும் மேலைநாட்டில் வழங்கியது. 1930இல் நியூயார்க் மருத்துவர் ஹாரி ஃபிங்கெல்ஸ்டீன், பெருவிரலைப் பற்றி மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்தால் இவ்வலி உடனே தெரியும் என்பதை விளக்கினார். கேமரன் மலையில் முதல் தேயிலைச் செடிகள் தளிர்த்துக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை.

கொழுந்து கொய்யும் கை செய்வதும் ஏறத்தாழ இதே அசைவுதான். பெருவிரல் பற்றுகிறது, மணிக்கட்டு திரும்புகிறது, அடுத்த கணம் இரண்டும் மீள்கின்றன. இந்தியாவிலும் இலங்கையிலும் தேயிலை கொய்வோரிடையே அண்மைப் பத்தாண்டுகளில் நடந்த ஆய்வுகள், தோள், கழுத்து, இடுப்பு, மணிக்கட்டு ஆகியவற்றின் வலி அவர்களிடையே பரவலாக உள்ளதை எடுத்துக்காட்டியுள்ளன. கூடையின் பாரம் முதுகை வருத்தியது. கொழுந்தோ எடையே இல்லாதது போலிருந்து விரலை வருத்தியது.

வாசலில் நின்ற விரல்கள்

கைவலியைக் கூலி இழப்பாக மட்டும் கணக்கிடுவது போதாது. தோட்டத்துப் பெண்ணுக்கு நிரையில் செய்யும் வேலை துரைக்கு உரியது. நிறுக்கும் தராசு கிராணிக்கு உரியது. அதிகாலையில் லயத்து வாசலில் இடும் கோலம் ஒன்றே அவளுக்கு உரியது. அக்கோலமும் அதே பெருவிரலையும் அதே சுட்டுவிரலையும் வேண்டிற்று.

உலர்ந்த மாவை இரு விரல்களுக்கிடையில் வைத்து, பிடியைச் சிறிதே தளர்த்தி, இழை அறாமல் ஒழுகவிடுவது கோலத்தின் அடிப்படை. பிடி இறுகினால் இழை அறும். தளர்ந்தால் மாவு கொட்டும். கொழுந்து கொய்யும்போது விரல் கற்ற நுண்மையும், கோலம் இடும்போது விரல் காட்டும் நுண்மையும் ஓருடலின் இரு செயல்கள். பூத்தொடுப்பதும் அவ்வாறே, நாரை வளைத்து முடிச்சிட்டு இறுக்குவது பெருவிரலே. தைப்பதும், புடைத்த அரிசியில் கல் பொறுக்குவதும், பிள்ளையின் தலையில் பேன் பார்ப்பதும், சடை பின்னுவதும் இவ்விரு விரல்களின் வேலைகளே.

இதனால் நேர்ந்தது என்ன என்பதை எண்ணிப் பார்க்கலாம். வலி ஒரு வேலையில் பிறந்தது; ஆனால் எல்லா வேலைகளிலும் புகுந்தது. தோட்டத்துக் கொழுந்தைக் கொய்ததனால் வீட்டுக் கோலம் நின்றது. மார்கழியின் குளிர்ந்த விடியலில், எல்லா வாசல்களிலும் கோலம் விரியும் நாள்களில், ஒரு வாசலில் நான்கு புள்ளிக் கோலம் மட்டும் இருக்குமாயின் அதற்குச் சோம்பல் காரணமாய் இருக்க வேண்டியதில்லை. இருபது புள்ளிக் கோலத்தை மனத்தில் வைத்திருக்கும் ஒருத்தி, நான்கு புள்ளியோடு எழுந்து உள்ளே போவதில் உள்ள இழப்பு எந்தத் தராசிலும் நிறுக்கப்படுவதில்லை.

இசைக் கலைஞர் ராபர்ட் ஷூமானின் வலக்கை விரல் 1830களின் தொடக்கத்தில் செயல் குன்றியதையும், அதனால் அவர் பியானோ வாசிப்பதை விட்டு இசை இயற்றுவதற்குத் திரும்பியதையும் ஐரோப்பிய இசை வரலாறு விரிவாக எழுதி வைத்திருக்கிறது. ஒரு கலைஞரின் ஒரு விரலைப் பற்றி நூல்கள் பல உள. ஒரு மலையின் கலைஞர் அனைவருடைய விரல்களையும் பற்றி எழுத இன்னும் எவ்வளவோ இருக்கிறது.

தாங்கிய வழிகள்

கைவலியுற்ற ஒருவருக்கு மருத்துவம் முதலில் கூறும் அறிவுரை ஓய்வு. நாட்கூலியில் வாழ்ந்தவருக்கு எளிதில் கிட்டாத மருந்தும் ஓய்வே. அளவுக்குக் குறைந்த கொழுந்து கூலியைக் குறைத்தது. வராத நாள் கூலியையே இல்லாமல் செய்தது. ஆகவே ஓய்வெடுக்காமல் கையைக் காப்பது எப்படி என்பதே தோட்டப் பெண்களின் முன் நின்ற வினா. அவ்வினாவுக்குத் தமிழ்க் குடும்பங்கள் பழக்கத்தால் கண்டிருந்த விடைகள் பல.

முதலாவது சூடு. வெந்நீரில் கல்லுப்பைக் கரைத்துக் கையை அமிழ்த்துதல், நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் இடுதல், தவிட்டை வறுத்து ஒற்றுதல் ஆகியவை அம்முறைகள். இரண்டாவது எண்ணெய். காய்ச்சிய நல்லெண்ணெயை முழங்கையிலிருந்து விரல் நுனி வரை ஒரே போக்கில் உருவிவிடுவர். மலாயாவில் வீடுதோறும் இடம்பெற்ற கோடாலித் தைலமும் இதனோடு சேர்ந்தது. மூன்றாவது கட்டு. பழந்துணியைக் கிழித்து மணிக்கட்டைச் சுற்றிக் கட்டுதல், கொழுந்தின் காம்பு கிழிக்காதபடி சுட்டுவிரலுக்குத் துணியுறை இடுதல். இவற்றுள் எதுவும் தடித்த உறையை முற்றக் குணப்படுத்துவது அன்று. ஆயினும் சூடு விறைப்பைத் தளர்த்தியது. உருவுதல் வலியை அடக்கியது. கட்டு மணிக்கட்டின் திருப்பத்தைக் குறைத்தது. இன்றைய மருத்துவர் தரும் மணிக்கட்டுத் தாங்கியும் செய்வது அவ்வேலையையே.

நான்காவது வழி எல்லாவற்றிலும் நுட்பமானது. அது அசைவையே மாற்றுவது. வலக்கை ஓயும்போது இடக்கையை முன்னே விடுவது. பெருவிரலுக்குப் பதிலாகச் சுட்டுவிரலையும் நடுவிரலையும் கூட்டிப் பற்றுவது. கொய்யும் நாள்களுக்கு இடையில் களையெடுப்புக்கோ வேறு வேலைக்கோ மாற்றிக் கேட்பது. வீட்டிலும் இதற்கு ஒப்பானவை உண்டு. பூத்தொடுப்போர் நாரின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொள்வதால் கைக்குச் சுமை குறைகிறது. உலர்மாக் கோலத்துக்குப் பதிலாக இழைக்கோலம் இடலாம். அரைத்த மாவில் தோய்த்த துணியைக் கைக்குள் வைத்து அழுத்த, மாவு மோதிரவிரலின் வழியாக ஒழுகும். அங்கே பெருவிரலுக்கு நுண்ணிய பிடி தேவையில்லை. பழைய கலையைக் கைவிடாமல், அதற்குள்ளேயே வேறொரு விரலுக்கு வழி கண்டுகொள்வது இது.

ஐந்தாவது வழி, கையைக் கையாலேயே தாங்குவது. தாயின் கோலத்தை மகள் இடத் தொடங்குவாள். தாய் அருகில் அமர்ந்து புள்ளியை எண்ணிச் சொல்வாள். கலை கைமாறிற்று என்று தமிழில் கூறுவதன் நேர்ப்பொருள் இதுவே. வலியினால் ஒரு கை விலகும்போதும் கலை அறாமல் தொடர்வதற்கு இத்தகைய கற்பித்தலே துணையாய் நின்றது.

சட்டத்தின் பட்டியல்

தொழிலால் விளைந்த கைவலிக்கு இழப்பீடு உண்டு என்னும் கருத்து பிரிட்டனில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சட்டத்தில் நுழைந்தது. 1908இல் தந்தி அடிப்போரின் கைப்பிடிப்பு அந்நாட்டில் இழப்பீட்டுக்குரிய தொழில்நோய்களின் பட்டியலில் சேர்ந்தது. அரசாங்க அலுவலகத்தில் தந்திக் கருவியைத் தட்டிய விரலுக்கு அவ்வாறு பெயரும் இடமும் கிடைத்தன. அதே பேரரசின் தோட்டங்களில் விரல்கள் கொழுந்து கொய்துகொண்டிருந்தன. தட்டிய விரலைச் சட்டம் எளிதில் கண்டது. கிள்ளிய விரலைக் காண நெடுங்காலம் சென்றது.

மலாயாவில் 1952ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமும், 1954இல் தோட்டத் தொழிற்சங்கங்கள் ஒன்றிணைந்து உருவான தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தொழிலாளரின் உரிமைக்கு வலிமை சேர்த்தன. பி. பி. நாராயணன் அச்சங்கத்தின் பொதுச் செயலாளராக நெடுங்காலம் உழைத்தார். கூலி, வேலை நேரம், குடியிருப்பு ஆகியவை போராட்டத்தின் முன்வரிசையில் நின்றன. நிற்க வேண்டியவையும் அவையே. 1969ஆம் ஆண்டின் ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் 1971இல் சொக்சோ அமைந்தது. வேலையிடத்து விபத்தோடு தொழில்நோய்க்கும் அது பாதுகாப்பு அளித்தது. 1994இல் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் வந்தது.

ஆயினும் விபத்துக்கும் நோய்க்கும் இடையில் ஒரு வேறுபாடு உண்டு. கவ்வாத்துக் கத்தி விரலை வெட்டினால் நாளும் நேரமும் தெரியும். குருதி சான்று கூறும். நாண் உறை தடிப்பதற்கு நாளும் இல்லை, நேரமும் இல்லை. பத்து ஆண்டுகளில் சிறுகச் சிறுகச் சேர்ந்த நோயை ஒரு காலையில் சொல்லப் புகுந்தவளிடம், ‘எப்போது அடிபட்டது?’ என்று கேட்டால் அவள் என்ன விடை கூறுவாள்? வீட்டு வேலையினால் வந்தது என்று தள்ளிவிடுவதற்கும் இடமிருந்தது. ஏனெனில் வீட்டிலும் அவள் கை ஓயவில்லை.

இவ்வையத்தை நீக்குவதில் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2010இல் திருத்தி வெளியிட்ட தொழில்நோய்ப் பட்டியல் ஒரு மைல்கல். திரும்பத் திரும்பச் செய்யும் அசைவு, மிகுந்த விசை, மணிக்கட்டின் கடுங்கோணம் ஆகியவற்றால் பெருவிரலடியில் வரும் நாணுறை அழற்சி, தசையும் எலும்பும் சார்ந்த தொழில்நோய்களின் வரிசையில் அங்கே முதலாவதாக நிற்கிறது. டி குவெர்வேன் விளக்கிய அந்த நோயே அது. 1895இல் மருத்துவம் பெயரிட்டதை உலகத் தொழிலாளர் பட்டியல் இவ்வளவு தெளிவாக எழுதுவதற்கு 115 ஆண்டுகள் கடந்திருந்தன. கேமரன் மலையில் முதல் தலைமுறையாகக் கொழுந்து கொய்தவர்கள் அதற்குள் மறைந்துவிட்டனர்.

கத்தரியும் பொறியும்

விரலால் கொய்யும் முறை இம்மலையில் நிலைத்து நிற்கவில்லை. ஆள் குறைந்தது, செலவு ஏறியது. கொழுந்து வெட்டும் கத்தரி வந்தது. வெட்டிய இலை விழுவதற்கு அதன்மேல் ஏந்து தட்டு ஒன்று பொருத்தப்பட்டது. பின்னர் இருவர் நிரையின் இருபுறமும் நின்று தூக்கிச் செல்லும் விசைப்பொறி வந்தது. அது வெட்டிய கொழுந்தைக் காற்றால் பின்னால் உள்ள நீண்ட பைக்குள் செலுத்தும். பொறி செல்ல முடியாத செங்குத்துச் சரிவுகளில் கத்தரி நின்றது.

கருவி மாறியபோது வலி ஒழிந்ததா என்னும் வினா எழுகிறது. வலி ஒழியவில்லை, இடம் மாறியது. விரல் நுனியில் இருந்த சுமை கத்தரியால் முன்கைக்கும் தோளுக்கும் ஏறியது. திறந்து மூடும் அசைவு ஒவ்வொன்றிலும் கத்தரியின் எடையையும், தட்டில் சேர்ந்த இலையின் எடையையும் கை தாங்க வேண்டியதாயிற்று. விசைப்பொறியோ எடையோடு அதிர்வையும் கொண்டுவந்தது. அதிரும் கருவியைப் பிடித்து வேலை செய்வோரின் விரல்கள் குளிரில் வெளுத்து மரப்பதை, அமெரிக்க மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் 1918இல் இந்தியானா மாநிலத்துக் கல்வெட்டுத் தொழிலாளரிடம் கண்டு எழுதினார். அதிர்வும் குளிரும் கூடுமிடம் அந்நோய்க்கு ஏற்ற இடம் என்பதால், குளிர்மலையில் பொறி பிடிக்கும் கைக்குக் கையுறையும் இடையோய்வும் ஆடம்பரம் ஆகா.

கத்தரியோடு மற்றொன்றும் மாறியது. விரல் தேர்ந்து கொய்தது. கத்தரி தேராமல் வெட்டுகிறது. முற்றியதையும் இளையதையும் பிரிக்கும் அறிவு கொய்பவரின் கையை விட்டு, ஆலையின் சல்லடைக்குச் சென்றது. கைவலியால் ஒருத்தி தன் கலையை விட நேர்ந்தது தனிமனித இழப்பு. கை வலிக்காதவர்களும் அக்கலையை விட நேர்ந்தது ஒரு சமூகத்தின் இழப்பு. இவ்விரண்டையும் ஒன்றெனக் குழப்புவது பிழை. வலி தரும் வேலை மறைவதற்காக வருந்த வேண்டுவதில்லை. அவ்வேலைக்குள் இருந்த அறிவு எழுதப்படாமல் மறைவதற்கே வருந்த வேண்டும்.

இன்று இச்சரிவுகளில் வேலை செய்யும் கைகளுள் பெரும்பாலானவை வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா முதலிய நாடுகளிலிருந்து வந்தவை. தமிழர்களின் பேரப்பிள்ளைகள் பலர் நகரங்களுக்கும் வேறு தொழில்களுக்கும் சென்றுவிட்டனர். 2019 முதல் சொக்சோவின் வேலையிடப் பாதுகாப்புத் திட்டம் அயல்நாட்டுத் தொழிலாளரையும் உள்ளடக்கியது. மொழி மாறினும் மணிக்கட்டின் அமைப்பு மாறுவதில்லை. தமிழ்ப் பாட்டியின் கடுப்பும் குடைச்சலும் வங்காளத்திலும் நேபாளியிலும் தமக்குரிய சொற்களைக் கொண்டிருக்கும். அவற்றைக் கேட்கும் செவிதான் எங்கும் வேண்டப்படுவது.

எழுத வேண்டிய ஏடு

தோட்டத்தின் வரலாறு இருவகை ஏடுகளில் கிடக்கிறது. ஒன்று காகிதத்தில் உள்ளது. அதில் நிலப்பரப்பும் எடையும் கூலியும் வரிசையாக நிற்கின்றன. மற்றொன்று உடலில் உள்ளது. தடித்த பெருவிரலடியும், முழுதும் நிமிராத சுட்டுவிரலும், காம்பின் சாறு ஊறி நிறம் மாறிய நகமும் அதன் எழுத்துகள். முதல் ஏடு ஆவணக் காப்பகங்களில் பாதுகாப்பாக இருக்கும். இரண்டாம் ஏட்டுக்கு ஆயுள் ஒரு மனித வாழ்நாளே.

அந்த ஏட்டைப் படிக்கும் வாய்ப்பு தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் சிறப்பாக உண்டு. கேமரன் மலையில் தோட்டங்களை ஒட்டித் தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. அவற்றில் பயின்றோரின் வீடுகளில் கொழுந்து கொய்த மூதாட்டியர் இன்னும் உளர். வட்டார வழக்குச் சொற்களைத் தொகுக்கும் மாணவன் ‘பெரட்டு’, ‘நிரை’, ‘கவ்வாத்து’ என்பவற்றோடு நிறுத்திக்கொள்ள வேண்டுவதில்லை. வலியின் சொற்களையும் கேட்டு எழுதலாம். எந்த விரல் முதலில் நொந்தது, எந்த வேலையை முதலில் விட நேர்ந்தது, எதனை மட்டும் விடாமல் காத்தார், அதற்கு எவ்வழி கண்டார் என்னும் நான்கு வினாக்கள் போதும். விடைகளில் மருத்துவமும் இருக்கும், பொருளியலும் இருக்கும், இலக்கியத்துக்குரிய வாழ்வும் இருக்கும்.

சங்கப் புலவர் மகளிர் விரலைக் காந்தள் மலருக்கு ஒப்பிட்டனர். மலையில் பூக்கும் மலர் அது. பிற்காலத்தில் வேறொரு நாட்டின் வேறொரு மலையில், அவ்விரல்களின் வழிவந்தவை பூவைக் கொய்யாமல் கொழுந்தைக் கொய்தன, நொந்தன, நொந்தபோதும் வாசலில் நான்கு புள்ளியாவது வைத்தன. அந்நான்கு புள்ளியின் பொருளை அறிந்துகொள்ளும் தலைமுறை வரும்போதே, எடையை மட்டும் எழுதிய ஏடு நிறைவு பெறும்.